ஒரே சார்ஜில் காரைக்கால்

காரைக்கால் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். கிழக்கே வங்கக்கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. வடக்கே பூவம் எல்லையிலிருந்து தெற்கே வாஞ்சூர் எல்லை வரை போனால் இருபது கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த இந்தத் துண்டு நிலத்தை, ஒருமுறை சார்ஜ் ஏற்றிய மின்சைக்கிள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டு சேர்த்துவிடும். நிலம் முழுக்கச் சமதரை. காவிரியின் கிளைகள் கடலைத் தொடும் கடைமடை என்பதால் மேடு என்று சொல்ல ஆற்றங்கரையும் பாலமும் மட்டுமே உண்டு. ஊர்ப் பெயர்களில் ‘மேடு’ என்று வருமிடங்களிலும் மிதிப்பவர் மூச்சு வாங்க வேண்டியதில்லை.

இருந்தும் காரைக்காலைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்ப்பதில்லை. சனிக்கிழமை விடியலில் பேருந்திலும் வேனிலும் திருநள்ளாற்றில் வந்து இறங்குகிறார்கள். நளதீர்த்தத்தில் முழுகி, எள் தீபம் ஏற்றி, சனீஸ்வரரை வணங்கி, மதியத்துக்குள் நாகூருக்கோ வேளாங்கண்ணிக்கோ கும்பகோணத்துக்கோ கிளம்பிவிடுகிறார்கள். ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் காரைக்கால் நகரமும், வழியிலுள்ள தருமபுரமும், நகருக்குக் கிழக்கே உள்ள கழிமுகமும் ஜன்னலுக்கு வெளியே நழுவிப் போகின்றன. நடந்து பார்ப்பதற்கு ஊர் அகலம். காரில் பார்ப்பதற்கோ மிகச் சிறிது. இந்த இரண்டுக்கும் நடுவிலான வேகம் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர். மின்சைக்கிள் காரைக்காலுக்குப் பொருந்துவதன் முதற் காரணம் இதுதான்.

மின்சைக்கிளின் அமைப்பு எளிது. சாதாரணச் சைக்கிளின் பின்சக்கர அச்சிலோ பெடல் அச்சிலோ சிறு மோட்டார் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். சட்டத்தில் லித்தியம் பேட்டரி. பெடல் சுழல்வதை ஓர் உணரி கவனித்து மோட்டாருக்குச் சொல்லும்; மிதிப்பவரின் உழைப்போடு மோட்டாரின் தள்ளுவிசையும் சேரும். விலை குறைந்த வண்டிகளில் பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் உணரி பார்க்கும். அதனால் கால் வைத்ததும் வண்டி கொஞ்சம் துள்ளிப் பாயும். விலை கூடியவற்றில் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதையும் அளந்து அதற்கேற்ப உதவி வரும். ஓட்டம் மென்மையாக இருக்கும். சந்தைத் தெருவில், ஆளும் மாடும் ஆட்டோவும் கலந்த நெரிசலில், இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல. புதிதாக ஏறுபவருக்கு வழிகாட்டி முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் இதுவே: நெரிசலில் உதவியை மிகக் குறைந்த நிலைக்கு இறக்கு, பிரேக்கில் விரல் வை.

36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் அதில் அடங்கும் ஆற்றல் 360 வாட்-மணி. அரை யூனிட் மின்சாரத்துக்கும் குறைவு. சமதரையில் மிதமான உதவியோடு மிதித்தால் கிலோமீட்டருக்குப் பத்து வாட்-மணி அளவில் செலவாகும். முப்பது கிலோமீட்டரை எதிர்பார்க்கலாம். வீட்டுச் சுவரிலுள்ள சாதாரண பிளக்கில் நான்கைந்து மணி நேரத்தில் பேட்டரி நிரம்பிவிடும்.

சட்டமும் இதற்கு வழிவிட்டிருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 250 வாட்டுக்கும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கும் உட்பட்டிருந்து, சரியான பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ஒளிபிரதிபலிப்பானும் இருந்தால் அந்த வண்டி மோட்டார் வாகனக் கணக்கில் வராது. பதிவு எண் வேண்டாம். ஓட்டுநர் உரிமம் வேண்டாம். அரை மணி நேரத்தில் ஒரு மாநில எல்லையைத் தாண்டி, இன்னொரு அரை மணியில் திரும்பி வரக்கூடிய ஒரு நிலப்பகுதியில் இந்தச் சலுகையின் மதிப்பு அதிகம்.

மிதிப்பவருக்குத் துணைசெய்யும் மோட்டாரை வணிக அளவில் முதலில் கொண்டுவந்தது ஜப்பானின் யமஹா நிறுவனம், 1993இல். அதே ஆண்டில் நார்வேயின் நடுப்பகுதித் துறைமுக நகரான ட்ரொண்ட்ஹைமில், செங்குத்தான ஒரு தெருவில் சைக்கிள்களை மேலே தள்ளிவிட ‘ட்ராம்பே’ என்ற சைக்கிள் லிஃப்ட்டே நிறுவினார்கள். அங்கெல்லாம் மின்சைக்கிள் சுற்றுலா பெருகியதற்கு மலைச்சரிவு ஒரு முக்கியக் காரணம். காரைக்காலில் சரிவு இல்லை. ஆனால் வெயில் இருக்கிறது, கடற்காற்று இருக்கிறது. மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து வீசும் காற்றை எதிர்த்துத் திருநள்ளாற்றிலிருந்து கடற்கரைக்கு மிதிப்பது, மேட்டில் ஏறுவதற்குச் சமமான வேலை. அறுபது வயதுக்காரரும் வேட்டியோ புடவையோ கட்டியவரும் வியர்த்து ஓயாமல் கூட்டத்தோடு சேர்ந்து வர மோட்டார்தான் வகை செய்கிறது. சுற்றுலாக் குழுவில் வயதும் பலமும் வேறுபட்டவர்களை ஒரே வேகத்தில் வைத்திருப்பது சாதாரணச் சைக்கிளால் ஆகாத காரியம்.

புதுச்சேரி நகரத்தில் காலைநேரச் சைக்கிள் சுற்றுலாக்கள் வழக்கத்தில் உள்ளன. ஆரோவில்லில் கினிசி என்ற அமைப்பு மின்சைக்கிள்களைக் குடியிருப்பவர்களுக்கும் விருந்தினர்க்கும் வாடகைக்குத் தருகிறது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலுக்கு இந்த ஏற்பாட்டைக் கொண்டுவருவது புதிய கண்டுபிடிப்பு எதையும் கேட்கவில்லை.

<b>அம்மையார் தெருவிலிருந்து</b>

காரைக்கால் சுற்றுக்கு இயல்பான தொடக்கம் பாரதியார் சாலை. காரைக்கால் அம்மையார் கோயில், கைலாசநாதர் கோயில், நித்யகல்யாணப் பெருமாள் கோயில் எல்லாம் இங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. புனிதவதி என்ற வணிகர் குலப் பெண் இந்த ஊரில்தான் பிறந்து, நாகப்பட்டினத்து வணிகன் மகன் பரமதத்தனை மணந்தாள். கணவன் அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசித்து வந்த சிவனடியாருக்குப் படைத்தாள். இன்னொன்றைச் சாப்பிட்ட கணவன் மற்றதையும் கேட்டபோது இறைவனை வேண்டி ஒரு கனியைப் பெற்றாள். அதைக் கண்டு அஞ்சிய கணவன் அவளைத் தெய்வமென்று விலகிப் போனான். அழகைத் துறந்து பேயுருவம் வேண்டிப் பெற்ற அந்தப் பெண்தான் அற்புதத் திருவந்தாதியும் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களும் பாடியவர். அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர் நிற்க, அமர்ந்த கோலத்தில் இருப்பவர் இவர்.

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில் சிவபெருமான் பிச்சாண்டவர் கோலத்தில் வீதியுலா வருவார். மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் மக்கள் மாம்பழங்களை இறைப்பார்கள். பிள்ளைவரம் வேண்டுவோர் அந்தப் பழத்தை மடியேந்திப் பிடிப்பார்கள். அந்த நாளில் இத்தெருவில் சைக்கிளை உருட்டக்கூட இடமிருக்காது. மற்ற நாட்களின் காலை ஆறு மணியோ முற்றிலும் வேறு: கோலம் காயாத வாசல்கள், பால்காரர்கள், பள்ளி வேன் வருமுன் காலியாகக் கிடக்கும் தெரு. மின்சைக்கிளில் ஓசை இல்லை என்பதால் வழிகாட்டி பின்னால் திரும்பிச் சொல்லும் கதை கடைசி ஆள் வரை கேட்கும். பாட்டு வைத்த வேனில் இது நடவாது.

நகரத்தின் வீதிகள் நேர்கோட்டில் அமைந்திருப்பதை மிதிப்பவர் உடனே உணர்வார். தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து 1739இல் காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர்கள் பெற்றார்கள். 1760இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள், மீண்டும் பெற்றார்கள், போர்களில் பலமுறை கைமாறியபின் 1817 முதல் தொடர்ந்து வைத்திருந்தார்கள். 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவுற்றது. இரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அந்தத் தொடர்பின் தடயம் கட்டடங்களைவிட மனிதர்களிடம்தான் அதிகம். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் இன்னும் இங்கே உண்டு. ஜூலை 14 பிரான்சின் தேசிய நாளை அவர்கள் கொண்டாடுகிறார்கள். கூரிய கோபுரத்தோடு நிற்கும் மாதா கோயிலும், கந்தூரி விழாவுக்குப் பல மதத்தவரும் கூடும் மஸ்தான் சாகிப் தர்காவும் அம்மையார் கோயிலிலிருந்து சில நிமிட மிதிப்பில் வந்துவிடுகின்றன. மூன்றையும் ஒரே காலையில் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இந்த ஊரின் அமைப்பு பிடிபடும்.

<b>அரசலாற்றின் வாய்</b>

நகரத்தைக் கடந்து அரசலாற்றங்கரையோடு கிழக்கே போகும் சாலைதான் சுற்றின் மிக இனிய பகுதி. ஒரு பக்கம் ஆறு, எதிரே கடல். ஆறு கடலில் கலக்குமிடத்தில் மீன்பிடித் துறைமுகம். காலை நேரத்தில் விசைப்படகுகள் திரும்பியிருந்தால் ஏலம் நடக்கும். வழிகாட்டி உள்ளூர் மீனவக் கிராமத்தைச் சேர்ந்தவராக இருந்தால் அங்கே கேட்பதற்கும் பார்ப்பதற்கும் ஒரு மணி நேரம் போதாது. வெளியூர்க்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் படம் எடுப்பதோடு முடிந்துபோகும் இடமும் இதுவே. வழிகாட்டியுடன் போவதற்கும் வாடகைக்கு எடுத்துத் தனியே போவதற்கும் உள்ள தூரம் இங்கே தெரியும்.

இந்தக் கழிமுகத்துக்கு இரண்டு பெரிய நினைவுகள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அங்கே இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களின் முன்னோர் பலர் கடைசியாகப் பார்த்த தாய்மண் இந்தக் கரைதான். இன்னொன்று 2004 டிசம்பர் 26. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி முதலிய கடலோர ஊர்களைச் சுனாமி அழித்தது. காரைக்கால் பகுதியில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தக் கிராமங்களின் தெருக்களில் சுற்றுலாக் குழுவாக நுழைவதற்கு முன் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அது மரியாதை மட்டுமன்று; அவர்கள் வீட்டு வாசலும் வலை உலர்த்தும் மணலும் பொதுவழி அல்ல.

<b>தருமபுரம் வழியே நள்ளாறு</b>

கடற்கரையிலிருந்து திரும்பி மேற்கே போகும்போது வயல்கள் தொடங்கும். திருநள்ளாற்றுச் சாலையிலிருந்து சற்றே விலகினால் திருத்தருமபுரம். திருஞானசம்பந்தரோடு யாழ் வாசித்துச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாய் பிறந்த ஊர் இது. பதிகங்களின் பெருமைக்கு யாழே காரணம் என்று உறவினர்கள் சொல்லக் கேட்டு வருந்திய பாணர், யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருளும்படி வேண்டினார். சம்பந்தர் பாடினார்; யாழ் பின்தொடர முடியாமல் தோற்றது. பாணர் யாழை உடைக்கப் போனார், சம்பந்தர் தடுத்தார். இறைவன் பெயர் யாழ்மூரிநாதர். இசைக்கருவிக்கும் மனிதக் குரலுக்கும் நடந்த இந்தப் போட்டியின் கதை தமிழிசை வரலாற்றில் எங்கும் பேசப்படுகிறது. அது நடந்ததாகச் சொல்லப்படும் கோயில் வாசலிலோ பெரும்பாலும் அமைதிதான். திருநள்ளாற்றுக்குப் போகும் வேன்கள் திரும்பாத இந்தத் திருப்பத்துக்காகவே சைக்கிள் சுற்று நடத்தலாம்.

திருநள்ளாறு தர்ப்பாரண்யேசுவரர் கோயில் மூவர் பாடலும் பெற்றது. சப்தவிடங்கத் தலங்களில் ஒன்று. மதுரையில் சமணரோடு நடந்த வாதில் சம்பந்தர் நெருப்பிலிட்ட ஏடு இத்தலத்துப் பதிகம் எழுதியது என்றும், அது வேகாமல் பச்சையாகவே இருந்ததால் பச்சைப் பதிகம் என்று பெயர் பெற்றது என்றும் பெரிய புராண மரபு சொல்லும். சனீஸ்வரர் சந்நிதிக்கு முன் வரிசை நீண்டு கிடப்பதால் தியாகேசரின் சந்நிதியைப் பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2023 டிசம்பர் 20இல் சனிப்பெயர்ச்சி நடந்தது போன்ற நாட்களில் லட்சக்கணக்கில் மக்கள் திரள்வார்கள். அப்போது இந்தச் சாலையில் சைக்கிளுக்கு இடமில்லை. சனிக்கிழமைகளையும் தவிர்ப்பதே சரி. செவ்வாயோ புதனோ வந்தால் கோயிலை நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம்.

இந்த வயல்வெளியில் மறைந்திருக்கும் இன்னொரு ஊர் காசாக்குடி. 1879இல் இங்கே கிடைத்த செப்பேடுகள் பல்லவர் வரலாற்றின் அடிப்படைச் சான்றுகளில் ஒன்று. இரண்டாம் நந்திவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்டவை. பல்லவர் குலவரிசையையும் நரசிம்மவர்மனின் வாதாபி வெற்றியையும் சொல்பவை. கல்லூரிப் பாடநூல்களில் காசாக்குடிச் செப்பேடுகள் என்று படித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஊர் காரைக்காலை அடுத்தது என்று தெரியும்? ஊரில் கண்ணுக்குக் காட்ட ஏடுகள் இல்லை. சொல்லத் தெரிந்தவர் ஒருவர் உடன் வந்தால் மட்டுமே அந்த இடத்தில் நிற்பதற்குப் பொருள் உண்டு.

வயல்களுக்கிடையே ஓடும் வாய்க்கால்களில் தண்ணீர் இருக்கிறதா என்பது மாதத்தைப் பொறுத்தது. கர்நாடகமும் தமிழ்நாடும் கடந்து வரும் காவிரி நீரில் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு, அதாவது காரைக்காலுக்கு, நடுவர் மன்றம் 2007இல் ஒதுக்கிய அளவு 7 டிஎம்சி. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16இல் வழங்கிய தீர்ப்பிலும் அந்த அளவு மாறவில்லை. ஒரு கலயத்துத் தண்ணீருக்கும் மேல்மாநிலத்தை எதிர்பார்த்திருக்கும் கடைமடை விவசாயியின் நிலையை, வறண்ட வாய்க்கால் ஓரமாக நின்று கேட்பது இந்தச் சுற்றின் மிகப் பயனுள்ள பத்து நிமிடமாக இருக்கும்.

நகரம், கடற்கரை, தருமபுரம், திருநள்ளாறு, திரும்புதல்: எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் அடங்கும். ஒரு சார்ஜ் போதும். காலை ஆறுக்குக் கிளம்பினால் பதினொன்றுக்கு முன் முடியும்.

தெற்குச் சுற்று வேறொரு நாளுக்கானது. திருமலைராயன்பட்டினத்தில்தான் காளமேகப் புலவர் அதிமதுரகவி தலைமையிலான புலவர்களோடு யமகண்டம் என்னும் கவிப்போட்டியில் பாடி வென்றதாகவும், உரிய மரியாதை செய்யாத ஊரின்மேல் மண்மாரி பொழியப் பாடியதாகவும் கதை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பேழையிலிருந்து எழுந்தருளும் ஆயிரங்காளியம்மனுக்கு எதைப் படைத்தாலும் ஆயிரக் கணக்கில் படைப்பது இந்த ஊர் வழக்கம். மாசிமகத்தில் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் இங்கே கடலாட வருகிறார். பத்மினித் தாயாரை மீனவர் குலத்து மகளாகக் கொண்டு, பட்டினச்சேரி மீனவர்கள் பெருமாளை மாப்பிள்ளை முறை சொல்லி வரவேற்கிறார்கள். அதற்குத் தெற்கே வாஞ்சூரில் 2009இல் தொடங்கப்பட்டு 2023இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்த துறைமுகம். நிலக்கரி லாரிகளின் போக்குவரத்து அங்கே கடுமை. அந்த நெடுஞ்சாலைப் பகுதியில் குழுவாகச் சைக்கிள் ஓட்டுவதை எந்த வழிகாட்டியும் ஏற்கக் கூடாது.

வடக்கே எல்லை தாண்டித் தரங்கம்பாடி வரை போவது மூன்றாவது வாய்ப்பு. நகரிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. 1620இல் டேனியர் எழுப்பிய கோட்டையும், 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு அச்சிட்ட தமிழ் நூல்களின் நினைவும், கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயிலும் அங்கே உள்ளன. போய்த் திரும்ப முப்பது கிலோமீட்டர் என்பதால் பேட்டரியின் கடைசிச் சொட்டு வரை செலவாகும். கோட்டையைப் பார்க்கும் நேரத்தில் சார்ஜ் போட ஓர் உணவகத்தோடு முன்பே பேசி வைத்துக்கொள்வது அவசியம்.

<b>உப்பு, வெயில், நெல்</b>

கடலோரத்தில் மின்சைக்கிளுக்கு முதல் எதிரி உப்பு. செயின் துருப்பிடிக்கும், அதைவிட மோசம், பேட்டரி இணைப்பு முனைகளில் பச்சை படிந்து மின்னோட்டம் தடைப்படும். ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் ஈரத்துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். பீய்ச்சியடித்துக் கழுவினால் தண்ணீர் மோட்டாருக்குள் போய்விடும். கடல் மணலில் வண்டியை இறக்கவே கூடாது. சித்திரை வெயிலில் நிறுத்திவைத்த பேட்டரி கொதிக்கும். அந்தச் சூட்டோடு சார்ஜ் ஏற்றினால் அதன் ஆயுள் குறையும். நிழலில் வைத்து ஆறியபின்பே பிளக்கில் மாட்ட வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். தை, மாசியில் சம்பா அறுவடை. பார்ப்பதற்கு மிக அழகான பருவம் அதுதான், ஆனால் கிராமச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருக்கும். நெல்லின் மேல் சக்கரம் வழுக்கும் என்பது ஒரு பக்கம். ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பின் மேல் சக்கரம் ஏறக் கூடாது என்பது மறுபக்கம். இறங்கி உருட்டிக்கொண்டு போவதே முறை.

நாகூர்–காரைக்கால் அகலப்பாதை 2011இல் திறக்கப்பட்டதிலிருந்து ரயிலில் வந்திறங்கும் வசதி ஊருக்கு உண்டு. 2010இல் தொடங்கப்பட்டு இப்போது திருவேட்டக்குடியில் இயங்கும் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் மோட்டாரும் மின்னணுவும் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். பல தலைமுறையாகக் கடலையும் வயலையும் அறிந்த இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். புதுச்சேரி அரசின் சுற்றுலாத் துறை ரயில் நிலையத்தருகே ஒரு நிழற்கூரை, பத்து மின்சைக்கிள்கள், சார்ஜ் முனைகள் ஆகியவற்றோடு தொடங்கட்டும். வழிகாட்டிகளைப் பட்டினச்சேரியிலிருந்தும் கிளிஞ்சல்மேட்டிலிருந்தும் தருமபுரத்திலிருந்தும் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரட்டும். திருநள்ளாற்றுக்கு வருகிறவர்கள் அடுத்த முறை ஒரு பகலைக் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டு வாருங்கள்.